‘முன்விரோதம்’ என்று எழுதும் முன்: அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுத்தரின் திறந்த மடல்

காவல், வருவாய்த் துறை உயரதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் புள்ளியியல் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திங்கட்கிழமைகளில் கிருஷ்ணகிரியில் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு மடக்கு மேசை, நாலு பேனா, ஒரு கட்டு வெள்ளைத்தாள், அவ்வளவுதான் என் ஆபீஸ். இத்தனை நாளும் மற்றவர்களுக்காகவே எழுதினேன். என் பெயரில் எழுதும் முதல் மனு இதுதான்.

எந்தச் சம்பவத்துக்காக எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரும் காவல் நிலையத்தின் பெயரும் இங்கே வேண்டாம், கோப்பில் இருக்கின்றன. பேப்பரில் ஆறு வரி வந்தது. பாதைத் தகராறில் விவசாயி வெட்டிக் கொலை, முன்விரோதமே காரணம், போலீசார் விசாரணை.

அந்த முன்விரோதத்தை, வெட்டுப்பட்டவருக்கான மனுக்களில், மூன்று முறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

முதல் மனு, பாதையைப் பற்றியது. ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா மரம். தோப்புக்குப் போக 8 அடி வண்டிப்பாதை, பாட்டன் காலத்திலிருந்து இருப்பது. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாள் குறுக்கே கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். காய் இறக்கும் நேரம். டிராக்டர் உள்ளே வர வழியில்லை. கூடைகூடையாகத் தலையில் வைத்து வரப்பு மேலேயே சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாங்கூழ் ஆலை கொடுத்த விலையை விடச் சுமைக்கூலி அதிகமாகிப் போனது. காவல் நிலையத்தில், “இது சிவில் மேட்டர், தாலுகா ஆபீசுக்குப் போ” என்றார்கள். தாலுகா ஆபீசில், “அங்கே சண்டை வரும், போலீஸ் பாதுகாப்பு இல்லாமல் சர்வேயர் வரமாட்டார்” என்றார்கள். கவனியுங்கள், சண்டை வரும் என்று சொன்னது அரசு அலுவலகம்தான். சொன்ன பிறகு யாருக்கும் தகவல் எழுதவில்லை.

இரண்டாவது மனு, கம்பி வேலியைப் பிடுங்கப் போனபோது நடந்த கைகலப்பைப் பற்றி. மூன்றாவது, அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் டீக்கடையில் நாலு பேர் முன்னால் “உன்னை வெட்டாமல் விடமாட்டேன்” என்று சொன்னதைப் பற்றி. மூன்றுக்கும், மனு வந்து சேர்ந்தது என்று காவல் நிலையம் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. மூன்றாவது முறை இரண்டு தரப்பையும் நிலையத்துக்குக் கூப்பிட்டு, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைத்து, இனிப் பிரச்சினை செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். 19 நாள் கழித்து அதே பாதையில் அவரை வெட்டினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், 108 வண்டியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி என் மேசைக்கு வந்தார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று ரசீதையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மடித்து மடித்து, மடிப்பில் எண்கள் அழிந்திருந்தன. “சார், இது இனிமே எதுக்காவது ஆவுமா? இல்லன்னா கிழிச்சுப் போட்டுடட்டுமா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பத்திரமாக வைத்திருக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அவர் சந்தேகம். அரசு கொடுத்த காகிதம் அல்லவா!

வைத்திருங்கள் என்றேன். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை.

இதற்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி பேசியதைக் கேட்டேன். இந்த மாதிரி கொலைகள் ஆத்திரத்தில் நடப்பவை, முன்கூட்டிச் சொல்ல முடியாது, இன்னும் கூடுதலாகக் கேமரா பொருத்தப் போகிறோம் என்றார். நல்ல மனிதர். மரியாதையாகவே பேசினார். ஆனால் ‘முன்கூட்டிச் சொல்ல முடியாது’ என்ற அந்த ஒரு வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. முன்விரோதம் என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. முன்னாலேயே இருந்த விரோதம் என்றால், அது முன்னால் எந்த நோட்டில் எழுதப்பட்டிருந்தது? யார் அதைக் கூட்டிப் பார்த்தார்கள்?

என் வேலைக்காலத்தில் பாதி, பயிர் அறுவடைப் பரிசோதனையில் போனது. நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதில் அறுத்ததை எடை போட்டு, ஒரு வட்டாரத்தின் மகசூலையே சொல்வோம். எந்தக் கதிரில் எத்தனை மணி என்று எங்களுக்குத் தெரியாது, மொத்தம் தெரியும். மாந்தோப்புக்காரர்களைக் கேளுங்கள். தை மாதம் பூவைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்பார்கள். பூத்ததெல்லாம் காய்ப்பதில்லை, நூற்றில் ஒன்று நின்றாலே பெரிது. அதற்காகப் பூவைப் பார்ப்பதால் பிரயோசனம் இல்லை என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். சி.எஸ்.ஆர். ரசீதும் அப்படித்தான். மனுக் கொடுத்தவர் எல்லாரும் வெட்டுப்படப் போவதில்லை. ஆனால் எந்த நிலைய எல்லையில் பூ அடர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள். அவற்றில் 9,962 தகராறால் நடந்தவை. நிலம், சொத்து, குடும்பம், தண்ணீர், அற்பச் சண்டை எல்லாம் இதில் வரும். தனிப்பட்ட விரோதத்தால் இன்னும் 3,761. நாம் எல்லோரும் பயப்படுகிற ஆதாயக் கொலை 1,884தான். அதாவது முகம் தெரியாத கொள்ளைக்காரனை விட, தினமும் முகத்தில் விழிக்கிற பங்காளியும் பக்கத்து வீட்டுக்காரனும்தான் கணக்கில் பெரியவர்கள். கேமரா கொள்ளைக்காரனைக் காட்டும். பங்காளியைக் காட்டி என்ன பயன்? வெட்டியவனே கத்தியோடு நிலையத்தில் வந்து நிற்கிற ஊரில், யார் என்று கண்டுபிடிப்பதா கஷ்டம்?

அப்புறம் இந்த ‘லட்சம் பேருக்கு இத்தனை’ என்கிற விகிதம். 2022இல் நாட்டின் விகிதம் 2.1. உலக விகிதம், ஐ.நா. கணக்கில், 2021இல் 5.8. நாம் பரவாயில்லை என்று திருப்தியடையலாம். ஆனால் 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர். தேசிய விகிதமே இங்கும் இருந்தால் ஆண்டுக்கு 39, 40 பேர். ஓசூர் மாநகராட்சிப் பகுதியில் அன்றைக்கு இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே விகிதத்தில் 5 பேர். அந்த 5 என்பது ஒரு வருஷம் 8 ஆனால், கொலை 60 விழுக்காடு உயர்வு என்று தலைப்பு போடலாம், 3 ஆனால் 40 விழுக்காடு சரிவு என்று பாராட்டு விழா வைக்கலாம். இரண்டுக்கும் அர்த்தமில்லை. சின்ன எண்ணிக்கை காற்றில் ஆடும். போதாததற்கு, 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு எடுக்கப்படவில்லை. சிப்காட்டில் மூன்று ஷிப்டுக்கு வந்துபோகிற வடமாநில இளைஞர்களை நம்முடைய பழைய மக்கள்தொகையில் எங்கே தேடுவது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை உலகமே கொலை நகரம் என்கிறது. அந்த மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் சுமார் 3 லட்சம் பேர்தான். சுற்றியுள்ள அமைதியான புறநகரமெல்லாம் எல்லைக்கு வெளியே. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் பாதிக் கணக்கு அடங்கிவிடுகிறது.

கொலை எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கொலைக்குக் கீழே இருக்கும் கணக்கைக் கேட்கிறேன்: கொலை முயற்சி, கொடுங்காயம், அடிதடி, மிரட்டல், அதற்கும் கீழே பாதை, வேலி, கிணறு என்று வந்து குவியும் மனுக்கள். நிலைய எல்லை வாரியாக, மாதம் மாதம் வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், எண் போதும். ஒவ்வொரு கொலைக்கும் எதிரே ஒரே ஒரு கூடுதல் கட்டம்: இதற்கு முன் புகார் வந்திருந்ததா, ஆம் அல்லது இல்லை.

நகரங்களின் கொலை விகிதத்தை ஆராய்ந்தவர்கள் ஐம்பது வருஷமாகப் பல காரணங்களைச் சொல்லிவிட்டார்கள். ஏழ்மையும் ஏற்றத்தாழ்வும் ஒரே இடத்தில் குவிவது, வேலையில்லாத இளைஞர்கள், குடி, ஆயுதம் கைக்கெட்டுவது, சட்டத்தின் மீது நம்பிக்கை போவது. இதில் ஏழ்மையை உங்களால் ஒரு வருஷத்தில் போக்க முடியாது. அதைக் கேட்கவும் இல்லை. உங்கள் கைக்குள் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

உதாரணத்துக்கு இடம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1989இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி, ஊரின் 3 விழுக்காடு முகவரிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஊர் முழுக்கக் கெட்டது இல்லை, சில முக்குகள், சில வாசல்கள். நம் ஊர் காவல் நிலைய ரைட்டரைக் கேட்டால் அந்த வாசல்களை மனப்பாடமாகச் சொல்வார். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்தக் கணக்கும் அவரோடு போய்விடுகிறது.

இன்னொன்று, நேரம். பிரேசிலில் சாவோ பாவ்லோவை ஒட்டி டியாடெமா என்று ஒரு தொழில் நகரம். ஓசூர் மாதிரியே பெரிய நகரத்தின் வாசலில், வாகனத் தொழிற்சாலைகளை நம்பிப் பெருத்த ஊர். 1999இல் அங்கே லட்சத்துக்கு 103 கொலை. கொலைகளில் பெரும்பகுதி இரவு 11 மணிக்கு மேல் என்று எண்ணிக் கண்டுபிடித்தார்கள். 2002 ஜூலை முதல் இரவு 11 முதல் காலை 6 வரை மதுக்கடைகளில் விற்பனை கூடாது என்று சட்டம் வந்தது. மாதத்துக்குச் சுமார் 9 கொலை குறைந்தது என்று பின்னால் செய்த ஆய்வு சொன்னது. இங்கே டாஸ்மாக் மூடும் நேரம் 10 மணி. அதற்கு மேல் கிடைக்குமா என்று எந்த ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்டுப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள். நம் வெட்டுக்குத்துகள் எந்த மணியில் நடக்கின்றன, சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமையா, ஊர்த் திருவிழா இரவா என்று யாராவது ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறார்களா? எழுதியிருந்தால், தயவுசெய்து அந்தத் தாளைக் காட்டுங்கள்.

நம்பிக்கை என்றேனே, அதுவும் வெறும் பேச்சில்லை. சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரைப் பேட்டி கண்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஏழ்மை சமமாக இருந்தாலும், அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பித் தலையிடுகிற இடங்களில் வன்முறை குறைவு என்று கண்டார்கள். சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் பக்கத்து ரூமில் இருப்பவன் பேர் தெரியாது. கிராமத்திலோ எல்லோருக்கும் எல்லாம் தெரியும், தலையிடத்தான் ஆளில்லை. பழைய பஞ்சாயத்து போனது நல்லதுதான், அது யாருக்குப் பேசியது என்று நமக்குத் தெரியும். அதன் இடத்துக்கு வந்திருக்க வேண்டியது நிலையமும் தாலுகா ஆபீசும். வந்தது பெஞ்சு மட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே யாராவது கம்ப்யூட்டரை வாங்கி வந்து ‘கொலைகாரர் பட்டியல்’ போட்டுவிடக் கூடாது. சிகாகோ போலீஸ் அப்படி ஒன்றைப் போட்டது. யார் சுடுவார், யார் சுடப்படுவார் என்று ஆட்களுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். கொலை குறைந்ததாகத் தெரியவில்லை, பட்டியலில் இருந்தவர்கள் கைதாவதுதான் கூடியது. 2019இல் கைவிட்டார்கள். நம் ஊரில் அப்படிப் பட்டியல் போட்டால் அதில் எந்தத் தெரு முதலில் ஏறும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆளைக் கணிக்க வேண்டாம் ஐயா. தகராறைக் கணியுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

சிவில் மேட்டர் என்கிற பதிலுக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் மனு எழுதி எழுதிச் சில பிரிவுகள் மனப்பாடம். நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமையில் தகராறு வந்து அமைதி கெடும் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், நிர்வாக நடுவர் (ஆர்.டி.ஓ., தாசில்தார் போன்றவர்) அழைத்து விசாரித்து உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147, இப்போது புதிய சட்டத்தில் 166. வண்டிப்பாதைக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. அமைதி காக்கப் பிணைமுறி எழுதி வாங்க பழைய 107, புதிய 126. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. கலப்புத் திருமணம் செய்தவர்களின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. தருமபுரிக்காரர்களுக்கு அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அந்தத் தனிப்பிரிவுகளுக்கு எத்தனை மனு வந்தது, எத்தனை பேருக்குக் காவல் கொடுத்தீர்கள்? அந்த எண்ணும் என் கோரிக்கையில் சேரும். வீட்டுக்குள் நடக்கும் அடி உதைக்காக மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் மனுக்களும் சேரும். உலக அளவில் கொல்லப்படும் பெண்களில் பாதிக்கு மேல் கணவர், காதலர், குடும்பத்தார் கையால்தான் சாகிறார்கள். “புருஷன் பொண்டாட்டி சண்டை, சமாதானமாப் போம்மா” என்று அனுப்பிய மனுக்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

எண்ணினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இந்தப் பகுதியில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. பெண் குழந்தைகளைப் பிறந்த சில நாளிலேயே கொன்றது இந்த மண்ணில்தான். எந்தக் கொலைக் கணக்கிலும் அது வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இறந்த ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணியபோதுதான் சேலம், தருமபுரிப் பக்கத்து நிலவரம் மறைக்க முடியாமல் போனது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது, பிறகு இங்கும் வந்தது. கிராம செவிலியர் ஒவ்வொரு கர்ப்பத்தையும் நோட்டில் எழுதி, பிரசவத்துக்கு முன்பே போய்ப் பார்த்து, பிறந்த பிறகும் வாசலில் போய் நின்றார்கள். நோட்டில் இருப்பது ஆளுக்குத் தெரியும் என்பதே பாதித் தடுப்பு. கணக்கெடுக்கும் துறையில் இருந்தவன் என்பதால் பெருமைக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன்.

கணக்கெடுக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் ஆடு, மாடு, கோழிக்குக் கணக்கு இருக்கிறது, நானே எடுத்திருக்கிறேன். காட்டு யானைக்குக் கணக்கு இருக்கிறது. டோல்கேட்டில் நேற்று எத்தனை லாரி போனது என்று ராத்திரியே தெரிந்துவிடுகிறது. மனு கொடுத்தவன் உயிரோடு இருக்கிறானா என்பதற்குத்தான் நோட்டு இல்லை. அமைதிக் கூட்டம் நடத்துகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், குழு போட்டோ எடுத்துப் பேப்பருக்கு அனுப்புகிறோம். அந்தப் போட்டோ ஒன்றில், இறந்துபோனவரும் கை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டு நிற்கிறார். எதிரியும் நிற்கிறார், இரண்டாவது வரிசையில்.

மன்னியுங்கள், மரியாதை குறைந்துவிட்டது. நிலையங்களில் ஆள் பற்றாக்குறை இருப்பது எனக்குத் தெரியும். பந்தோபஸ்துக்கும் கோர்ட்டுக்கும் போக மிச்சம் இருக்கிற இரண்டு ஏட்டை வைத்துக்கொண்டு எல்லா வரப்புச் சண்டைக்கும் போய் நிற்க முடியாது. ஆகவேதான் எந்த வரப்புக்கு முதலில் போவது என்று காட்டும் கணக்கைக் கேட்கிறேன். ஒரே தகராறில் இரண்டாவது ரசீது போடும்போது அந்தக் கோப்பு தானாக மேலதிகாரி மேசைக்கு வர வேண்டும். மூன்றாவது ரசீது போடும் நிலை வந்தால், சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் எஸ்.ஐ.யும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அந்த இடத்தில் நிற்க வேண்டும். நிலைய வாரியான எண்களை மாதம் மாதம் வெளியிட வேண்டும். முன் புகார் உண்டா இல்லையா என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை அந்த அம்மா திரும்பவும் வந்தார். வெட்டியவர் சிறையில் இருக்கிறார். கம்பிவேலி அப்படியே இருக்கிறது. தோப்பில் பூ வைத்துவிட்டது, மருந்தடிக்க டேங்க் வண்டி உள்ளே போகவில்லை. போய்க் கேட்டதற்கு, சிறையில் இருப்பவரின் தம்பி, “உனக்கும் அதே கதிதான்” என்று சொன்னாராம். நான்காவது மனுவை எழுதிக் கொடுத்தேன். பழைய மூன்று ரசீதின் நகலையும் இணைத்திருக்கிறேன். எண்கள் சரியாகத் தெரியவில்லை என்பதால் பக்கத்தில் என் கையெழுத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். அந்த மனு இப்போது உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
மனு எழுதுபவர்,
கிருஷ்ணகிரி.